குனியாத தலைக்கு ஒரு சால்வை

எங்கள் ஊர் நாடகக் குழுவில் நடிப்பு வராதவர்கள் பலர் இருக்கிறார்கள். மாமா இல்லாதவர் ஒருவரும் இல்லை. எங்களைப் பிடித்த சனியன் அதுதான்.

வெளியூர்க்காரருக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் மேடையில் நடித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய மாமாவோ மைத்துனரோ ஏறிவந்து சால்வை போர்த்துவார். கூத்துக் களரியில் நேரத்துக்குப் பஞ்சமில்லாதபோது வந்த வழக்கம் அது. நாங்கள் போடுவதோ போட்டிக்கான அரைமணி நேர நாடகம். அரைமணி தாண்டினால் மணியடித்துத் திரையை மூடிவிடுவார்கள். மாமாமாருக்கு இது தெரியும். அக்கறைதான் இல்லை.

போன வருடம் அரசனாக நடித்தவர் ஒரு மீன் வியாபாரி. வாளை உருவிக்கொண்டு போருக்குக் கிளம்புகிற கட்டத்தில் அவருக்குப் பதினொரு சால்வைகள் விழுந்தன. ஒவ்வொரு சால்வைக்கும் வாளை உறையில் போட்டுவிட்டுக் கும்பிட்டார், பிறகு மறுபடியும் உருவினார். எதிரியைக் காணுமுன்பே திரை மூடிவிட்டது. நாடகத்தை எழுதி, நெறியாள்கை செய்து, அமைச்சராகவும் நின்ற எனக்கு ஒரு துண்டுகூட விழவில்லை. அதைப் பற்றி எனக்குத் துளியும் கவலையில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இந்த வருடம் முதற்பரிசு வாங்கியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். முதல் ஒத்திகையிலேயே சட்டம் போட்டேன்: யார் வீட்டாரும் சால்வையோடு மேடையேறக் கூடாது. மீன் வியாபாரியின் முகம் கறுத்துப் போனது.

“அண்ணன், எங்கட மாமா ஆக்கள் கோவிச்சுக் கொள்ளுவாங்க. மறுகா கலியாண வீட்டுக்கும் வர மாட்டாங்க.”

“கலைக்காக ஒரு மாமாவ இழக்க ஒண்ணாதா உனக்கு?” என்றேன். சொன்ன பிறகு, இதை நாடகத்திலேயே வைத்திருக்கலாமே என்று தோன்றியது. எல்லோரையும் பிள்ளையார் கோயில் வாசலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கினேன்.

இந்த முறை கதாநாயகன் நான்தான். எழுதுகிறவனுக்கு அந்த வசதி உண்டு. குளம் கட்டிய கிழவனுக்கு அரசன் பரிவட்டம் கட்ட வருகிறான். கிழவன் மறுத்து, “இந்தத் தலை எவன் முன்னாலும் குனியாது!” என்று முழங்குகிறான். அதன் பிறகு ஒரு நீண்ட பேச்சு. அதுதான் நாடகத்தின் உயிர். மூன்று மாதம் அதைக் கிணற்றடியில் சொல்லிச் சொல்லிப் பழகினேன். என் மனைவி உடுப்புத் தோய்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் அதுவரை என் நாடகம் ஒன்றுக்கும் வந்ததில்லை. “நாடகமும் மண்ணாங்கட்டியும்” என்பதுதான் அவளுடைய ஒரே விமர்சனம். மற்ற விமர்சகர்கள் இதையே இரண்டு பக்கத்துக்கு எழுதுவார்கள்.

போட்டியன்று பின்னேரம் மண்டபம் வெந்துகொண்டிருந்தது. ஆனாலும் எல்லாம் ஒழுங்காகப் போனது. அரசன் வசனத்தை மறக்கவில்லை. முன்வரிசையில் மாமாமார் மடியில் பைகளை வைத்துக்கொண்டு, இழவு வீட்டில் இருப்பதுபோல இருந்தார்கள். எனக்குப் பரம திருப்தி. இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. என் பேச்சுக்கு ஐந்து போதும். முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

“இந்தத் தலை எவன் முன்னாலும் குனியாது!”

கைதட்டல் எழுந்தது. அதற்குள்ளே பக்கத்துப் படியில் யாரோ ஏறிவருவது தெரிந்தது. என் மனைவி. கலியாண வீடுகளுக்குக் கட்டுகிற கூறைச் சேலை. கையில் கடை உறைகூடப் பிரிக்காத ஒரு செம்மஞ்சள் சால்வை.

கிழவனின் குரலிலேயே “கீழே போ பெண்ணே” என்று விரட்டியிருக்கலாம். கையைக் காட்டித் தடுத்திருக்கலாம். அவள் கட்டையான ஆள் என்பதால் நன்றாகவே குனிந்து கொடுத்தேன். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் முன்வரிசையில் பைகள் சரசரத்தன. சட்டம் செத்துவிட்டது என்று மாமாமாருக்கு விளங்கிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக ஏறித் தங்கள் தங்கள் மருமக்களுக்குப் போர்த்தினார்கள். ஒன்பதாவது சால்வைக்கு மணி அடித்தது. மூன்று மாதம் பழகிய பேச்சில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

மூன்று குழுக்கள் போட்டியிட்டதில் எங்களுக்கு மூன்றாமிடம்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஓட்டோவுக்குள்ளேயே அவளை ஏசித் தீர்த்தேன். சட்டம் தெரியாதா, பரிசு போனது தெரியுமா, நாளைக்கு எந்த முகத்தோடு குழுவுக்கு முன்னால் நிற்பது என்று கத்தினேன். அவள் நான் களைக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“போன வருசம் உங்களுக்கு மட்டும் ஒருத்தரும் சால்வை போத்தல்ல எண்டு நித்திரையிலயும் புலம்பினீங்க. அதுக்குத்தான் வந்தன்” என்றாள். பிறகு கேட்டாள்: “வாணாமெண்டா தலைய ஏன் குனிஞ்சீங்க?”

ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சால்வை இன்னும் என் தோளில்தான் கிடந்தது.