முத்தாத காய்

“...சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க டீச்சர், அம்மா தாளம் போடல. காய் எடுக்குது.”

முன்வரிசையில் அம்மாவின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரி இப்படிச் சொன்னதும் அரங்கமே சிரித்தது. இசை சிகிச்சைப் பயிற்சியில் இருந்த எனக்கு அது முதல் மாநாடு. நன்றாகப் பேசினால் மாநாடு நடத்திய பாலக்காட்டு மருத்துவமனையிலேயே வேலை கிடைக்கும் என்றிருந்தார்கள். மாரியின் அம்மா செல்லம்மா, வண்டன்மேட்டுத் தோட்டத்தில் ஏலக்காய் பறித்தவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. என் பாட்டுக்கு அவர் விரலசைக்கும் வீடியோதான் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. விரல் நின்ற இடங்களிலெல்லாம் ‘தாளம் தவறுகிறது’ என்று சிவப்பில் குறித்திருந்தேன்.

“அப்ப ஏன் நடுநடுவுல நிக்குதுங்க?” என்றேன்.

“அது முத்தாத காயா இருக்கும். அதுல அம்மா கை வைக்காது. நான் பறிச்சாலும் திட்டும்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பாடியிருக்கிறேன். அந்த விரல்கள் ஒவ்வொரு காயாகப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கின்றன. நான் தப்புப் போட்டிருக்கிறேன். “நான் எழுதினதுதாங்க தப்பு” என்று எப்படியோ சொல்லிவிட்டேன். இன்றைக்கும், என்ன வேலை பார்த்தவர் என்று கேட்காமல் யாருக்கும் நான் பாடத் தொடங்குவதில்லை.

அன்று திரையை அணைத்துவிட்டு, செல்லம்மாவின் சக்கர நாற்காலி அருகே போய் அதே பாட்டைப் பாடினேன். விரல்கள் அசைந்தன. மாரி தன் துப்பட்டாவை எடுத்து, ஒரு காயும் கீழே சிந்தாதபடி அம்மாவின் கைக்கு அடியில் விரித்துப் பிடித்தாள்.