பெரியம்மா காதில் என் அம்மாவின் வைரத்தோடு

பெரியம்மாவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து, பந்தி போடும் வரை இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். 'மகள் எழுதுவது' என்று மேலே அச்சிடச் சொன்னவர் அண்ணன், பெரியம்மாவின் ஒரே மகன். நான் பெரியம்மாவின் தங்கை மகள். ஆனாலும் அண்ணன் சொன்னதில் திருத்துவதற்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பெரியம்மா பிறந்தது நெமிலிச்சேரியில். தாத்தாவுக்கு அங்கே நெல் விளையும் நிலம் இருந்தது. பெண்கள் இருவர், மூத்தவர் பெரியம்மா, இளையவர் என் அம்மா. நிலத்தில் ஒரு பகுதி வீட்டு மனைகளாக விலை போனபோது, தாத்தா இரண்டு பெண்களுக்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி ஏழுகல் வைரத்தோடு செய்து போட்டார். பெரியம்மா மண்ணூர்பேட்டைக்கு வாழ வந்தார். பெரியப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் பேச்சில் எஸ்டேட்டில், ஒரு கம்பெனியில் கடைசல் பிடிக்கும் டர்னர். சொந்தமாக ஒரு வீடு கட்ட முனைந்தபோது பெரியம்மா தம் தோட்டை விற்கக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதற்காக ஒரு நாளும் அவர் மூக்கைச் சிந்தியதில்லை. "தோட்டுக்குள்ள குடியிருக்க முடியுமா? ஊட்டுக்குள்ள இருக்கலாம்ல" என்று சிரிப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. நகைகளைக் கழற்றச் சொன்னபோது அம்மா தோட்டை மட்டும் பெரியம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடி, "இது பாப்பாவுதுக்கா, பத்திரம்" என்றாராம். "நீயே வந்து வாங்கிக்கடி" என்றாராம் பெரியம்மா. அம்மா வரவில்லை. அப்பா வேறு திருமணம் செய்துகொண்டு பூந்தமல்லியில் குடியேறினார். தோடும் நானும் பெரியம்மாவிடம் தங்கினோம்.

அந்தத் தோட்டைப் பெரியம்மா தம் காதிலேயே போட்டுக்கொண்டார். பேங்க் லாக்கரில் வைக்கக் கூடாதா என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஒரு வீட்டின் பீரோவை நெம்பியிருந்தார்கள். லாக்கரோ பெரியப்பா பெயரில் இருக்கும். நாளை அவருக்கு ஒன்று என்றால் அது யார் கைக்குப் போகும் என்று பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. "பொட்டியத் தூக்கினு போய்டலாம். என் காதுல கீறத என்னைத் தாண்டித்தான் எடுக்கணும்" என்றார். பெரியம்மாவிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று பெரியப்பாவுக்குத் தெரியும்.

போட்டுக்கொண்டாரே தவிர, அனுபவித்தார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எண்ணெய் இறங்கினால் வைரம் மங்கிப்போகும் என்பதால், வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும் முன்பே தோட்டைக் கழற்றி மூடி போட்ட டம்ளரில் வைத்துவிடுவார். அவர் குளித்துத் தலை துவட்டி வரும் வரை அந்த டம்ளருக்கு நான்தான் காவல். பூந்திக்கொட்டையை ஊறவைத்த நுரையில் கழுவி, பெரியப்பாவின் பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுப்பார். திருகாணி தளர்ந்துவிடாமல் தண்டில் மெல்லிய நூல் சுற்றித்தான் திருகுவார். வைரம் தங்கத்தைக் கீறிவிடும் என்று மற்ற நகைகளின் பக்கத்தில்கூட அதை வைக்க மாட்டார். ரயிலில் ஏறினால் முந்தானை காதைச் சுற்றிக்கொள்ளும். எங்கள் எல்லோரையும்விட அந்தத் தோடுதான் அந்த வீட்டில் சொகுசாக வாழ்ந்தது என்று அண்ணன் இன்றும் கிண்டல் செய்வார்.

ஒருமுறை கற்களைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பதித்துக் கட்ட வேண்டியிருந்தது. எங்கள் வீடுகளில் வைரத்தை ஆசாரியிடம் விட்டுவிட்டு வரும் வழக்கம் கிடையாது. கண்ணெதிரே பிரித்து, கண்ணெதிரே கட்ட வேண்டும். ஆவடியில் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் பெரியம்மா தயிர் சோறு கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். காலையில் உட்கார்ந்தவர் அசையவில்லை.

ஆசாரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ இப்டி மொறச்சுப் பாத்துகினே இருந்தா கை நடுங்குதும்மா" என்றார்.

"நடுங்கட்டும் நைனா. நிதானமா செய்."

"டீ குடிச்சுட்டு வந்துட்றேன்."

"போய்ட்டு வா. கல்ல இப்டி குடு, நான் புடிச்சுகினு கீறேன்."

பாவம், அந்த மனிதர் டீயை வரவழைத்துக் குடித்தார். பெரியம்மா அவருக்கும் தயிர் சோறு போட்டார். அதன் பிறகு எங்களைப் பார்த்தால் அவரே பாயை விரித்துவிடுவார்.

இப்போது அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பாவின் அக்கா. கெட்டவர் இல்லை, தம்பி குடும்பம் என்றால் உயிரை விடுவார். தம்பிக்கு இரண்டாம் தாரத்திலும் ஒரு பெண் பிறந்திருந்தாள். அப்பா வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. அவருக்காகக் கேட்டது அத்தைதான். ஒரு பொங்கலுக்கு வந்தவர், "அது எங்க ஊட்டு மருமவ நகைதான? இன்னாத்துக்கு நீ போட்டுகினு கீற?" என்றார்.

"பாப்பாவுது. பாப்பாவுக்கு வெச்சுகினு கீறேன்" என்றார் பெரியம்மா.

"பாப்பாவுதுன்னா பாப்பாவோட அப்பங்கிட்ட இருக்கட்டும். பாப்பாவையும் இட்டுகினு போறோம். பெத்தவன் இருக்க சொல்லோ நீ யாரு?"

பெரியப்பாதான் குறுக்கே வந்து சமாதானம் சொல்லி அத்தையை அனுப்பி வைத்தார். அன்று முழுவதும் பெரியம்மா என் கையை விடவே இல்லை. அப்பா வீட்டில் எனக்கு இடம் இருந்திருக்கலாம். அம்மாவின் தோடு அங்கே எனக்கென்று நின்றிருக்காது. நானும் பெரியம்மாவை விட்டுப் போயிருப்பேன். பெரியம்மாவுக்கு இரண்டும் தெரிந்திருந்தது.

எண்பதுகளின் கடைசியில் பெரியப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். நான் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். கருமாதி அன்று காலை, வழக்கப்படி தாலி கழன்றது. மெட்டியும் மூக்குத்தியும் கழன்றன. பெரியம்மா எதற்கும் மறுக்கவில்லை. அத்தை கையில் சுருக்குப்பையோடு முன்னால் வந்தார்.

"தோடும் கயட்டணும். இனிமே வைரம் போடக் கூடாது. கயட்டிக் குடு, தம்பி ஊட்ல பத்திரமா இருக்கும்."

உறவு முழுவதும் கூடத்தில் இருந்தது. 'பாப்பாவுது' என்று பெரியம்மா சொல்வார் என நினைத்தேன். சொன்னால் பொங்கலன்று கேட்ட கேள்வியே திரும்ப வரும். துணைக்குப் பெரியப்பாவும் இல்லாத நேரத்தில், அத்தனை பேர் நடுவில், தோட்டோடு சேர்த்து என்னையும் கேட்பார்கள். பெரியம்மா தலையை நிமிர்த்தினார்.

"கயட்ட மாட்டேன். எனக்கு வைரம் போட்டுக்க ஆசையா கீது."

கூடம் அதிர்ந்துபோனது. "புருசங்காரன் ஈரம் காயல, இவளுக்கு வைரம் கேக்குது பாரு! செத்துப்போன தங்கச்சி நகைய வாரிப் போட்டுகினு மினுக்கணுமாம்" என்று அத்தை கத்தினார். மற்றவர்கள் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. சொன்னவர்களுக்கு நினைவிருக்கும்.

மறுநாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதேன். "உன்னுதுன்னு சொன்னா உன்னைக் கேப்பாங்க. என்னுதுன்னு சொன்னா என்னைத் திட்டுவாங்க. திட்டு இன்னா, இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல வுட்டா போச்சு" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தார்.

ஆனால் அது அப்படிப் போய்விடவில்லை. எங்கள் தெருவில் அவருக்கு 'வைரக்காரி' என்று பெயர் வந்தது. கல்யாண வீடு என்றால் முதல் ஆளாகப் போய்க் காய் நறுக்க உட்காரும் பெரியம்மா, வாசலோடு வாழ்த்திவிட்டுத் திரும்பத் தொடங்கினார். எஸ்டேட்டில் பாட்டில் கழுவும் வேலைக்குப் போய் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அங்கேயும் காதைப் பார்த்துப் பேசினார்கள். வெற்று நெற்றியும் வைரக் காதுமாக அவர் பஸ்சுக்கு நிற்பதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். எத்தனையோ முறை கழற்றிவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். "உன் காதுக்குப் போற நாள் வரட்டும்" என்பார். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூரில் ஒரு மண்டபத்தில் என் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆவடி குவார்ட்டர்சில் குடியிருந்தவர்கள். முகூர்த்தத்துக்கு முன் மணப்பெண் அறைக்குள் பெரியம்மா வந்தார். தோட்டைக் காலையிலேயே கழற்றிக் கழுவி வைத்திருந்தார். அவர் காது ஓட்டைகளில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. "சுமங்கலி யாராச்சும் போட்டு வுடுங்க" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலுக்காக அவர் காத்திருந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது. சுற்றிப் பார்த்து, மூலையில் நின்றிருந்த அத்தையை அழைத்தார்.

"இந்தாம்மா, நீதான் இவளுக்கு அத்தை. உன் கையால போட்டு வுடு. கல்லெல்லாம் சரியா கீதான்னு பாத்துகினே போடு."

அத்தை தோட்டை வாங்கினார். விளக்கு வெளிச்சத்தில் அது நட்சத்திரத்தை அள்ளிப் போட்ட மாதிரி ஒளிவிட்டது. ஒரு கல் மங்கவில்லை, ஒரு கல் தளரவில்லை. என் காதில் தண்டை நுழைத்துவிட்டார். திருகாணியைத் திருக வரவில்லை. விரல் நழுவிக்கொண்டே இருந்தது. அப்படியே என் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டார்.

"அப்பறம் இன்னாத்துக்குடி அன்னிக்கு ஆசைன்னு சொன்ன?" என்று பெரியம்மாவைக் கேட்டார்.

"ஆசைதான். இவள இப்டி பாக்கணும்னு" என்றார் பெரியம்மா. திருகாணியை வாங்கி அவரே திருகினார். சுமங்கலி தேடிய குரல் இம்முறை எழவில்லை.

அதன் பிறகு அவர் காதில் எதுவும் போடவில்லை. நான் சின்னதாகத் தங்கக் கம்மல் வாங்கிக் கொடுத்தேன். "போதும்டி கண்ணு, இப்பத்தான் காது லேசா கீது" என்று என் மகளுக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். மீண்டும் கல்யாண வீடுகளில் உட்கார்ந்து காய் நறுக்கினார், எல்லோரையும் கேலி செய்தார். கடைசி மாதங்களில் இதயம் பலவீனமாகிப் படுத்தபோதும் யாருக்கும் சுமையாக இருக்கக் கூடாது என்பதே அவர் கவலை. என் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார். பெற்ற தாயை எனக்கு நினைவில்லை. தாய் இல்லாத குறையும் எனக்குத் தெரியாது. அது பெரியம்மாவால்.

அவரைத் தூக்கிச் சுமந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த அண்ணனுக்கும் அண்ணிக்கும், வேளை பார்க்காமல் வந்து ஊசி போட்ட பக்கத்துத் தெரு நர்சம்மாவுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த மண்ணூர்பேட்டை அண்டை வீட்டாருக்கும், பெரியம்மாவோடு எஸ்டேட்டில் வேலை செய்த பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசி நன்றி அத்தைக்கு. படுக்கையில் கிடந்த பெரியம்மாவுக்கு வாரக்கணக்கில் தலை வாரி, கஞ்சி ஊட்டியவர் அவர். அவர் சொன்னதையெல்லாம் இப்படி அச்சில் போட்டுவிட்டேனே என்று படிப்பவர்கள் நினைக்க வேண்டாம். மலருக்கு எழுத உட்கார்ந்தபோது கருமாதி நாளை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அத்தைதான் பூந்தமல்லியிலிருந்து பஸ் ஏறி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"நான் பேசுனத வுட்றாத, அப்டியே எழுது. அத்தினி பேரு முன்னால அவள அசிங்கப்படுத்துனேன். அவ ஆசப்பட்டுப் போட்டுக்கலன்னு அத்தினி பேருக்கும் தெரியட்டும்."