கரம்பை என்று அள்ளிப்போன சேறு

ஓய்வுபெறும் முன் நான் கடைசியாக வேலை பார்த்தது சீவலப்பேரி பக்கம் ஒரு கழிவுக் கிடங்கில், வேதியியலாளராக. கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மேலே வரும் பாறைத் துகளும் சேறும் இரும்புத் தொட்டிகளில் அடைபட்டு லாரியில் வந்து சேரும். கறுப்பாக, எண்ணெய் மினுக்கத்தோடு, பிசின்போல ஒட்டும். தொட்டியைக் கவிழ்த்தாலும் பாதி விழாது; ஆட்கள் உள்ளே இறங்கி மண்வெட்டியால் சுரண்ட வேண்டும். பிசுக்குப் போக அரிசி ஆலைச் சாம்பலைக் கலந்து, பிளாஸ்டிக் விரித்த குழியில் கொட்டுவோம். நாலு நாள் காய்ந்துவிட்டால் பார்ப்பதற்கு நல்ல வயல் மண்தான்.

சுரண்டுகிறவர்களில் ஒருவனுக்கு ஆற்றுப் பாசனத்தில் சின்னதாக ஒரு வயல் இருந்தது. அவனுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கோடையில் குளம் வற்றினால் அடியில் படிந்த கரம்பை மண்ணை அள்ளி வயலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வருஷம் குளம் வற்றவில்லை.

"சார், இது கரம்பை கணக்கால்லா இருக்கு. ரெண்டு டிராக்டர் அள்ளிக்கிடட்டுமா?"

கூட நின்றவர் சிரித்தார். "ஏலே, கடலுக்கு அடியில உள்ள மண்ணு. நெல்லப் போட்டா சாளை மீனுதாம்லே முளைக்கும்."

"முளைச்சா கொழம்பு வச்சுத் திங்கேன். உமக்கு என்ன வே?"

நானும் சிரித்தேன். அன்று காலையில்தான் அந்த மண்ணில் இருந்த உப்பையும் எண்ணெயையும் சோதித்துப் பார்த்திருந்தேன்; இரண்டுமே பயிர் தாங்கும் அளவுக்கு மேல். ஆனால் குழி விளிம்புவரை நிறைந்திருந்தது, மழை நெருங்கியது. வழிந்து ஓடையில் கலந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். "எடுத்துக்கோ" என்றேன்.

மழைக்காலத்துப் பிசான நெல் நடவு முடிந்த பத்தாம் நாள் பயிர் நுனி கருகத் தொடங்கியது. மாதம் முடிவதற்குள் வயல் முழுக்கச் செத்தது. அவன் ஒரு பிடி பயிரைப் பிடுங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான்.

"படிச்சவுக நீங்க பாத்துச் சொல்லுங்க சார். எம் மச்சினன் குடுத்த நாத்துல கோளாறா இருக்குமோ?"

வேரில் அந்தக் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தேன், வழுக்கியது.

"நாத்துதான்" என்றேன்.

அவன் நேரே மச்சினன் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினான். அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அந்தத் தையில் அவன் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வரவில்லை. அவன் மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை முன்வரிசையில் மரியாதையாக உட்கார வைத்து, பந்தியில் அவனே சோறு போட்டான். சாப்பிட்டேன்.

மறுவருஷம் வேறு நாற்று நட்டும் கருகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இந்த முறை அவன் என்னிடம் கேட்க வரவில்லை.

பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் சபையாரோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறேன். எல்லாருடைய குரலுக்குள்ளும் என்னுடையது ஒளிந்துகொள்கிறது. சீவலப்பேரிக்கு டவுன் பஸ் இருக்கிறது. அவனும் இருக்கிறான், மச்சினனும் இருக்கிறார். நேரில் போய் இரண்டு வீட்டிலும் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.