மந்திரக்காரிக்குச் சாவில்லை

என் பெரியப்பா மகன் கப்பலில் இஞ்சினியராக இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம், இரும்பு ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து, வலது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டோடு இளம்பிள்ளைக்கு வந்து சேர்ந்தார். ஆறு மாதத்துக்குக் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடல் கடலாகச் சுற்றியவருக்கு ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் எப்படிப் போதும்? மணிக்கு மூன்று தடவை மணி கேட்பார்.

எனக்கும் அந்த வருடம் அப்படித்தான் போனது. பத்தொன்பது வயது. சேலத்துக் கல்லூரியில் முதல் வருடம் முடித்ததும் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் ஆறு தறி, அந்தப் பக்கம் எட்டு. காலையில் ஓட ஆரம்பித்தால் பல் விளக்கும்போதே பேச்சை உரக்கப் பேச வேண்டும். அந்தச் சத்தத்துக்குள் நான் வாசலுக்கும் புழக்கடைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு வேலையும் இல்லாமல்தான் நடந்தேன்.

ஒரு மத்தியானம் அண்ணன் தன் தகரப் பெட்டியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுக்கச் சொன்னார். ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் வாங்கியதாம். உள்ளே மூன்று ஆங்கிலப் புத்தகங்கள், விதவிதமான பகடைகள். ஒன்றுக்கு இருபது முகம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் அதற்குள் ஆளாகப் போய் நின்று என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதை நடத்துகிறவருக்கு அண்ணன் வைத்த பேர் கண்டக்டர்.

அண்ணி வாள் வீசுகிறவள். நான் மந்திரக்காரி. சேலைக்கு டிசைன் போடும் கட்டத்தாளில் அண்ணன் குகைகளை வரைந்தார்.

"கிணத்து மேட்டுல நிக்கறீங்க. உள்ள இருட்டு. என்ன பண்றீங்க?"

"எறங்கறதுதான்" என்றார் அண்ணி. "பின்ன, எட்டிப் பார்த்துட்டு ஊட்டுக்கா போறது?"

மூன்றாவது வாரம் அண்ணியின் வீராங்கனை பாம்புக் குழியில் விழுந்தாள். பகடையில் ஒன்று வந்தது.

"செத்துட்டாளா? ஏனுங்க, பொண்டாட்டின்னு கூடப் பார்க்க மாட்டீங்களா?"

"பகடைக்குப் பொண்டாட்டி தெரியாது" என்றார் அண்ணன்.

அண்ணி எழுந்து போய் உலை வைத்துவிட்டு வந்து, புதுத் தாளில் வேறொருத்தியை எழுத ஆரம்பித்துவிட்டார். என்னால் அப்படி முடிந்திருக்காது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மந்திரக்காரியும் ஒரு நாள் இப்படி ஒரு உருட்டலில் போய்விடுவாள். அவள் ஒருத்திதான் அந்த வருடத்தில் நான் நினைத்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவளைச் சாகவிடக் கூடாது என்று தீர்மானம் செய்தேன்.

மூன்றாவது புத்தகத்தை வாங்கிவந்து அகராதியோடு உட்கார்ந்தேன். கடைசிப் பக்கங்களில் அது இருந்தது. தேர்ந்த மந்திரக்காரர் தன் உயிரை உடம்பிலிருந்து பிரித்து ஒரு பெட்டிக்குள் வைத்துவிடலாம். உடம்பு வற்றிப்போகும். ஆனால் பெட்டி உடையாதவரை சாவு கிடையாது. அந்தப் பத்தியைப் படித்த கையோடு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்கு ஒரு வெல இருக்குது சாமி."

"என்ன வேணாலும் குடுக்கறேனுங்கண்ணா."

"முழுசாப் படிச்சயா?"

"படிச்சேன்" என்றேன். அடுத்த பக்கத்தை நான் திருப்பியிருக்கவில்லை.

மூன்று பொருள்கள் தேட வேண்டும் என்றார். கடலுக்கடியில் கிடக்கும் கோயில் மணியின் நாக்கு. செத்த நாகத்தின் விஷப்பல். தன் பெயரை மறந்துபோன ஒருவன் கையால் செய்த பெட்டி. அண்ணியின் புது வீராங்கனை எனக்குத் துணைக்கு வந்தாள். மாசக்கணக்கில் தேடினோம். மின்வெட்டு நாட்களில் தறி நின்று ஊரே அமைதியாகும்போது ஆட்டம் இன்னும் மும்முரமாகும்.

கடலுக்குள் மூழ்கிக்கொண்டிருந்த மத்தியானம், அம்மா சுவரோரம் வந்து கூப்பிட்டார். "ராசிபுரத்துக்காரங்க வந்துட்டாங்க. அந்தக் கட்டைய உருட்டறத உட்டுட்டு வந்து தலைய வாரு."

சேலையைச் சுற்றிக்கொண்டு காபித் தட்டோடு போய் நின்றேன். நூல் கடைக்காரக் குடும்பம். பையன் தலையைக் குனிந்தபடி இருந்தார். அவருடைய அம்மா, "என்ன கண்ணு, பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்டார். என் மந்திரக்காரிக்கு இன்னும் நான்கு மூச்சுதான் மிச்சம். "போகுதுங்க" என்றேன். கால் தரையில் நிற்கவில்லை. அவர்கள் எழுந்து போவதற்குள் கொல்லை வழியாகச் சுவரைத் தாண்டி, மணியின் நாக்கைப் பிடுங்கிவிட்டேன்.

அடுத்த வாரமே சம்மதம் என்று ஆள் வந்தது. வைகாசியில் கல்யாணம்.

அதற்குப் பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் ஆட வேண்டும் என்று அண்ணனை நச்சரித்தேன். நாகத்தின் பல் கிடைத்தது. பெட்டியும் கிடைத்தது. மருந்தைக் குடிக்கும் நாள் வந்தது. இருபது முகப் பகடையில் பன்னிரண்டோ அதற்கு மேலோ விழ வேண்டும்; குறைந்தால் குடித்த இடத்திலேயே சாவு. அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார். உருட்டினேன். பதினேழு.

அண்ணியும் நானும் கத்திய கத்தலில் தறிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டி என் மந்திரக்காரியின் தாளை எடுத்தார்.

"இனிமே அவ உன் கையில இல்ல சாமி. சாகாதவங்க எல்லாம் கதை நடத்தறவன் பக்கம். அடுத்த பக்கத்துல போட்டிருக்குது."

புத்தகத்தைப் பிடுங்கித் திருப்பினேன். போட்டிருந்தது. ஒரே ஒரு வரி.

"சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டேனே. படிச்சேன்னு சொன்ன."

"அவ என்னோடவ. நான் வளர்த்தவ."

அண்ணி சமாதானம் செய்வதாக நினைத்து, "கட்டிக்குடுத்துட்டோம்னு நெனச்சுக்க புள்ள" என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நான்கு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. வாசலுக்கும் புழக்கடைக்கும் பழையபடி நடந்தேன். அம்மா, பட்டு எடுக்க எப்போது போகலாம் என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். ஐந்தாம் நாள் துணி காயப்போடும்போது அண்ணி சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"நேத்து அவ என்னைத் தொரத்துனா. உங்கண்ணன்தான் அவளுக்குப் பேசுனாரு. பூதமாட்டச் சிரிக்கறா."

"அவ அப்படிச் சிரிக்க மாட்டா!" ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

புதிதாக ஒரு வில்லாளியை எழுதிக்கொண்டேன். ஒரு அடிக்குத் தாங்க மாட்டாள். அதற்குள் அண்ணன் கட்டைப் பிரித்துவிட்டுக் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். கப்பலுக்குத் திரும்பச் சொல்லித் தந்தியும் வந்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு ஆட்டம். மந்திரக்காரியின் குகைக்குப் போய் அந்தப் பெட்டியை உடைப்பது என்று அண்ணியும் நானும் கிளம்பினோம்.

குகை வாசலில் அண்ணன் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "அற்பப் பதர்களே!" என்றார்.

"அவ அப்படிப் பேச மாட்டாங்கண்ணா."

"பின்ன எப்படிப் பேசுவா?"

"நீங்க உடுங்க. நான் பேசறேன்."

"சட்டப்படி..."

"சட்டம் கெடக்குது" என்றார் அண்ணி. "பேசட்டும் உடுங்க."

பேசினேன். "எதுக்கு வந்தீங்க?" என்று மந்திரக்காரியாகக் கேட்டேன். "பெட்டிய ஒடைக்க" என்று வில்லாளியாகச் சொன்னேன். பிறகு மந்திரக்காரி பேசுவதற்காக வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"ஒடைக்காத. சாவுக்குப் பயந்துதான் இங்க வந்து உக்காந்தேன். இப்ப சாவும் இல்ல, போறதுக்கு எடமும் இல்ல. எத்தன நாளைக்குத்தான் செவுத்தப் பார்க்கறது? பெட்டியத் தூக்கிட்டுப் போ. எந்த ஊருன்னாலும் சரி."

அண்ணன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இதுல ஒண்ணுமே இல்லயே" என்றார். பிறகு அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பேனாவால் எழுதினார்: பெட்டியைச் சுமப்பவள் போகும் இடமெல்லாம் அவளும் போகலாம். வில்லாளி பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு குகையை விட்டு வெளியே வந்தாள். அந்த ஆட்டத்தில் பகடையை யாரும் தொடவே இல்லை.

மறுநாள் அண்ணன் சேலத்தில் ரயிலேறினார். அண்ணி இரண்டு நாள் ஜன்னல் பக்கமே போகவில்லை.

பட்டு எடுக்கப் போன இடத்தில் ராசிபுரத்து மாப்பிள்ளையும் வந்திருந்தார். பெரியவர்கள் கரையின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் பக்கத்தில் போய், "நான் காலேஜை முடிக்கணுங்க" என்றேன். கேட்பேன் என்று நானே நினைக்கவில்லை. அவர் திடுக்கிட்டு, "அம்மாகிட்டக் கேக்கறேங்க" என்றார்.

கேட்டார். உடனே நடக்கவில்லை. கல்யாணம் முடிந்து, மூத்தவள் பிறந்து, அவள் நடக்கப் பழகி, அப்புறம்தான் மாமியார், "சரி, போயிட்டு வா. பிள்ளைய நான் பார்த்துக்கறேன்" என்றார். பழைய கல்லூரியிலேயே இரண்டாம் வருடத்தில் சேர்ந்தேன். முதல் நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இருந்தது. குகைக்குள் உட்கார்ந்திருந்தவள் நினைவுக்கு வந்தாள்; உட்காரப் பிடிக்கவில்லை. ராசிபுரத்திலிருந்து சேலம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன்.