வடக்குப் பார்த்த சுவர்

லா சப்பலில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தின் பின்முற்றத்துக்கு வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். குப்பைத் தொட்டிகளை வேறிடத்துக்கு மாற்றியபோது, வடக்குப் பார்த்த சுவரின் அடியில் ஒரு பாய் அகலத்துக்கு மண் வெளிப்பட்டது. அதில் ஏதாவது நடலாமா என்று எங்கள் வீட்டின் சொந்தக்காரரிடம் கேட்டேன்.

அவர் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, அதே கட்டடத்தின் முதல் மாடியில் தனியாக இருக்கிறார். மற்ற உரிமையாளர்கள் சார்பில் பேசுபவரும் அவர்தான். நடுவதை நடுங்கள், சுவருக்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே பிடுங்க வேண்டும் என்றார். என் கணவருக்கு அந்தப் பேச்சே பயத்தைக் கொடுத்தது. வீட்டு ஒப்பந்தம் இரண்டு ஆண்டில் முடிய இருந்தது. சொந்தக்காரர் அதைப் புதுப்பிக்காவிட்டால் இந்தப் பகுதியில் இன்னொரு வீடு எங்களுக்குக் கிடைக்காது. நகரத்துக்கு வெளியே ஸ்தேனுக்கோ திரான்சிக்கோதான் போகவேண்டும். ஒரு கொடிக்காக அந்த மனிசனோடு கொளுவ வேண்டாம் என்று கணவர் என்னிடம் பலமுறை சொன்னார்.

நான் கேட்கவில்லை. மல்லிகைதான் முதலில் மனதில் இருந்தது. நாற்றுப்பண்ணையில் இருந்த பெண்மணி, வெயில் இல்லாத குளிர் முற்றத்தில் மல்லிகை ஒரு மாரிக்குளிரைக்கூடத் தாங்காது என்று சொல்லி, கிளெமாட்டிஸ் என்ற பூங்கொடிகளின் வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். படத்தில் தட்டு அளவு பூ இருந்த கோடைகால வகைகளை நான் தொட்டதும் தலையை ஆட்டினார். அவற்றுக்கு வெயில் வேண்டும். எப்போதும் பச்சையாக நிற்கும் அர்மாண்டி வகையின் இலைகளை, எங்கள் முற்றத்துக்கு ரயில் பாதைப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று கருக்கிவிடும். மொந்தானா கூரைவரை ஏறிவிடும். கடைசியில் மிஞ்சியது அல்பினா. மலைச்சரிவுகளில் வளர்வது, உறைபனியைத் தாங்கும், இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போகாது, ஏப்ரலிலேயே பூத்துவிடும். ஒரேயொரு விசயம், அது முந்தைய வருடத்துக் கொடியில்தான் பூக்கும். மாரியில் வெட்டினால் அந்த வருடப் பூ போயிற்று.

இலையுதிர் காலத்தில் நட்டேன். அடியில் தண்ணீர் தேங்காமல் சரளைக்கல் போட்டேன். வேர் குளிர்ச்சியாக இருக்க உடைந்த ஓடுகளை மேலே பரப்பினேன். சுவரில் ஆணி அடிக்காமல், பழைய இரும்புக் கொக்கிகளில் கம்பி கட்டிக் கொடியை ஏற்றினேன். முதல் வசந்தத்தில் இலை மட்டும் வந்தது. கோடையில் இரண்டு தண்டுகள் நன்றாக நீண்டு கம்பிகளைச் சுற்றிக்கொண்டன. அடுத்த மாரியில் இலை எல்லாம் உதிர்ந்து, சுவரில் பழைய சணல் கயிறு தொங்குவதுபோல் ஆகிவிட்டது.

பெப்ரவரியில் சொந்தக்காரர் என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார். கொடிக்குப் பின்னால் போகும் தண்ணீர்க் குழாயை மாற்றப் போகிறார்களாம்.

"இது செத்துப் போச்சும்மா. ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்துடுங்க."

"சாகேல்லை ஐயா. இப்பிடித்தான் இருக்கும்," என்றேன்.

காட்டுங்கள் என்பதுபோல் நின்றார். ஒரு கிளையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே மண்ணிறம். இன்னொன்றைச் சுரண்டினேன், அதுவும் அப்படித்தான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தடித்த தண்டில், முழங்கால் உயரத்தில், மூன்றாவதாகச் சுரண்டியபோது மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது. அவரும் குனிந்து பார்த்தார். ஆட்கள் மார்ச் கடைசியில்தான் வருவார்கள், அதற்குள் நீங்களே ஒரு வழி பாருங்கள் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். இரவு என் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் இருந்து சாப்பிட்டார்.

மார்ச் நடுவில் மொட்டுகள் தெரிய ஆரம்பித்தன, பூனைக்குட்டியின் காதுபோல மென்மயிரோடு. அந்த வாரமே குழாய் வெடித்து, கீழ்த்தளத்து உணவகத்தின் சமையலறைக்குள் தண்ணீர் இறங்கியது. நான் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை செய்கிறேன். தட்டுக் கழுவி முடிக்கும் நேரம் கணவர் தொலைபேசியில் வந்தார்.

"வேலையாக்கள் வந்திட்டினம். ஐயாவும் நிக்கிறார். வெட்டச் சொல்லிப்போட்டார். நீர் கெதியா வாரும்."

நான் வரும்வரை மறித்து வையுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவருடைய பயம் எனக்குத் தெரியும். வாறன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். இரண்டாம் இலக்க மெட்ரோ ஆன்வேர் நிலையத்தைத் தாண்டியதும் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. கணவருக்கு எடுத்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. திரும்பவும் எடுத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணை மூடித் தூங்கினார்கள். கொடி போனால் போகட்டும், இவர் அந்த மனிதரோடு ஏதாவது பேசி வீடும் போய்விடப் போகிறதே என்று அப்போதுதான் பயம் வந்தது. வண்டி அசைந்ததும் எழுந்து கதவருகில் போய் நின்றேன்.

முற்றத்துக்குள் போனபோது என் கணவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடும் மேலே குளிர்ச்சட்டையோடும் ஏணியில் நின்றார். கையில் என் சமையல் கத்தரிக்கோல். கொடி கம்பியைப் பிடித்திருந்த ஒவ்வொரு காய்ந்த இலைக்காம்பையும் தனித்தனியாக நறுக்கிக்கொண்டிருந்தார். கீழே சொந்தக்காரர், கழன்று வந்த தண்டுகளை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி நின்றார். வேலையாட்கள் இருவரும் குழாயோடு காத்திருந்தார்கள்.

"இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே நிக்கணும்?" என்று சொந்தக்காரர் கேட்டார்.

"அசையாதேங்கோ ஐயா. அசைஞ்சா முறியும்," என்றார் என் கணவர்.

நான் போய் மற்றத் தண்டைப் பிடித்தேன். குழாய் மாற்றி முடிய இருட்டத் தொடங்கிவிட்டது. திருப்பிக் கட்டும்போது ஒரு தண்டு அடியில் நறுக்கென்று முறிந்தது. சொந்தக்காரர் கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு படியருகில் நின்று, "உங்க வீட்டுக்காரர் சொன்னாரும்மா, வீட்டை வேணும்னா எடுத்துக்குங்க, இதை வெட்ட விடமாட்டேன்னு," என்றார். கோபமா இல்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை.

மாடியேறியதும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கணவரிடம் கேட்டேன். தெரியாது, வாயில் வந்துவிட்டது என்றார். பிறகு வந்த நாட்களில் படிக்கட்டில் காலடி கேட்டாலே இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். மார்ச் முடிவில் இரண்டு நாள் உறைபனி விழுந்தது. காலையில் ஓடுகளின்மேல் வெள்ளைப் பொடி. மிஞ்சிய தண்டின் மொட்டுகள் குனிந்தபடியே இருந்தன. தொட்டுப் பார்க்கவும் துணிவில்லை.

ஏப்ரல் பிறந்து சில நாளில் அவை விரிந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு நீல இதழ், உள்ளே வெளிறிய ஒரு சின்னக் கொத்து, எல்லாம் தலைகீழாகத் தொங்கின. நிறைய இல்லை. உணவகத்துச் சமையல்காரர்கள் சிகரெட் பிடிக்க வந்து, ஒருவர் மாறி ஒருவர் குனிந்து பார்த்தார்கள். சொந்தக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் உடுப்போடு வந்து பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச மாலையில் வரச்சொன்னார். நாங்கள் இருவரும் போனோம். அவர் கோப்பி போட்டுத் தந்து, பழையபடியே இருக்கட்டும் என்றார். கொடியைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை.

மே மாதம் பூ முடிந்தது. அல்பினாவைக் கத்தரிப்பதென்றால் அதுதான் நேரம். அப்போதுதான் கோடையில் வளரும் புதுக் கொடியில் அடுத்த வருடம் பூ வரும். முறிந்த தண்டின் அடியில் புதுத் தளிர் ஒன்றும் கிளம்பியிருந்தது. நான் கத்தரிக்கோலோடு இறங்கியபோது கணவரும் கூடவே வந்தார். முதல் நுனியை நறுக்கப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறும்," என்றார். "எது எதை வெட்டப் போறீர் எண்டு முதல்லை எனக்குக் காட்டும்."