வாசலில் ஒரு வெள்ளைக் கோடு

செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவை மைக்ரோவேவில் வைத்துவிட்டு நின்றிருந்தேன். பிரிசில்லா அழைத்தாள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மகள். அவள் என்னைப் போனில் அழைப்பதே இல்லை. "அங்கிள், மாம் இஸ் கான்" என்றாள். "எங்க போயிருக்காங்கம்மா?" என்று கேட்டேன். முப்பது வருடமாக இங்கிலீஷ் பேசும் இந்த நாட்டில் இருப்பவன் கேட்கிற கேள்வியா அது? ஸ்டெல்லா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியிலேயே, ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றப் போன இடத்தில், மாரடைப்பு. அத்தனை டாக்டர்கள் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எங்கள் ஊர் எடிசனில் ஸ்டெல்லாவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. அவருடைய சர்ச் பாட்டைப் பற்றியும், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் வந்து நின்றதைப் பற்றியும் தமிழ்ச் சங்க நினைவு மலரில் நீங்கள் எழுதுவீர்கள். எனக்குத் தெரிந்த ஸ்டெல்லா எங்கள் இரண்டு வீட்டுக்கும் முன்னால் ஓடும் நடைபாதையில் இருக்கிறார். அதையும் என்னால் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் ஜன்னல் வழியாக அந்த நடைபாதையைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன்.

எங்கள் வீட்டு முன்னால் டவுன்ஷிப், அதாவது இந்த ஊர் நகராட்சி, நட்ட மரம் ஒன்று உண்டு. அதன் வேர் கிளம்பி நடைபாதையின் ஒரு சிமெண்ட் பலகையைத் தூக்கிவிட்டது. நான்கு விரல் உயரம் இருக்கும். உன் வீட்டு முன்னால் இருக்கும் நடைபாதையையும் ஓரக்கல்லையும் சரி செய்வது உன் பொறுப்பு என்று டவுன்ஷிப்பிலிருந்து கடிதம் வந்தது. எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. மரம் அவர்களுடையது, நிலம் அவர்களுடையது, விரிசல் மட்டும் என்னுடையதா? நான் மாம்பலத்தில் வளர்ந்தவன். பிளாட்பாரம் என்றால் அது கார்ப்பரேஷனுடையது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பதில் கடிதம் எழுதினேன். அவர்கள் சட்டத்தின் நகலை அனுப்பினார்கள். நான் இன்னும் நீளமாக எழுதினேன்.

ஸ்டெல்லா பாளையங்கோட்டைக்காரர். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவர், ஆனாலும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவார். "என்ன அண்ணாச்சி, இன்னுமா லெட்டர் எழுதுதிய?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார். ஒருநாள் என் வாதங்களை எல்லாம் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நம்ம ஊர்ல காலைல வாசல் தெளிக்காவள்லா, அது யாரு எடம்னு கேட்டுக்கிட்டா தெளிக்காவ? யாரு எடம்னு பாக்காதிய அண்ணாச்சி. யாரு நடக்கான்னு பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அசைந்து கொடுக்கவில்லை. வாசல் வேறு, பிளாட்பாரம் வேறு என்று அதற்கும் ஒரு வாதம் வைத்திருந்தேன்.

அந்த வாரமே என் மனைவியிடம் வந்து கோலமாவு கேட்டார். கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுகிற வீட்டில் கோலமாவு எதற்கு என்று இவள் சிரித்தாள். ஸ்டெல்லா அதை ஒரு காப்பித்தூள் டப்பாவில் கொட்டிக்கொண்டு போய், தூக்கிக்கொண்டிருந்த பலகையின் விளிம்பு நெடுக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். மழையில் கரைந்தால் மறுபடி இழுத்தார். "ஒங்க வாசலுக்கு நாந்தான் கோலம் போடுதேன், பாத்துக்கிடுங்க" என்பார். தள்ளுவண்டியில் குழந்தையோடு போகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள். நான் ஜன்னலில் நின்று அடுத்த கடிதத்துக்கு வாசகம் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அந்த நவம்பரில் ஸ்டெல்லாவின் மணிக்கட்டு உடைந்தது. தன் வீட்டு பேஸ்மென்ட் படியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னார். "படியப் பாத்து எறங்க வேண்டாமா ஸ்டெல்லா?" என்று நான் அவருக்கு உபதேசம் செய்தேன். அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆமா அண்ணாச்சி, பாக்கல" என்றார்.

வசந்த காலத்தில் கடைசி எச்சரிக்கை வந்த பிறகு வேறு வழியில்லாமல் பலகையை மாற்றினேன். ஆள் பிடித்துக் கொடுத்தவரும் ஸ்டெல்லாதான். ஈர சிமெண்டை நம் ஊர் வீட்டுத் தரைபோல வழவழப்பாக இழைக்கச் சொன்னேன். ஸ்டெல்லா குறுக்கே வந்து, துடைப்பத்தால் வரி இழுக்கச் சொன்னார். பனிக்காலத்தில் கால் பிடிக்க வேண்டுமாம். காயும்வரை ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தார். சரியாகச் சேராத அந்த மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். நான் அதைப் பார்த்தேன். சிமெண்ட் காய்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிரிசில்லா என்னிடம் அந்தக் காப்பித்தூள் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மாவு ஆன்ட்டியோடது" என்றாள். பிறகு தயங்கினாள். "ஷி ஃபெல் அவுட்சைட் யுவர் ஹவுஸ், அங்கிள். நாட் த பேஸ்மென்ட்." எங்கே விழுந்தீர்கள், அது யாருடைய இடம் என்று இன்சூரன்ஸிலிருந்து ஒரு படிவம் வந்ததாம். என் பெயரை எழுதினால் இன்சூரன்ஸ் கம்பெனி என்மீது வழக்குப் போடும் என்று, ஸ்டெல்லா தன் வீட்டு பேஸ்மென்ட் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அங்கிளிடம் சொல்லாதே என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்த வாரம் டபுள் ஷிஃப்டாம். மழையில் கோடு கரைந்திருந்தது. தான் மறுபடி போடாததுதான் தப்பு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எனக்கு ஸ்டெல்லாமேல் கோபம் வருகிறது. என்னைத் திட்டியிருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்கிற வாய்ப்பையாவது எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கலாம். டவுன்ஷிப்புக்கு அத்தனை கடிதம் எழுதியவனுக்கு இதை எந்த முகவரிக்கு எழுதுவது என்று தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்போது நடக்கும்போது கண் தரையை விட்டு எழுவதில்லை. எங்கள் தெரு முனையில் ஒரு வீட்டின் முன்னால் பலகை கிளம்பியிருக்கிறது. இன்று காலை டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து கோடு இழுத்தேன். எனக்குக் கோலம் போட்டுப் பழக்கமில்லை, கோணலாகத்தான் வந்தது. வீட்டுக்காரர் வெளியே வந்தார். ஆந்திராக்காரர், போன வருடம் குடிவந்தவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. "அது டவுன்ஷிப் இடம்தானே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"யாரு எடம்னு பாக்காதிய" என்றேன். என் வாயில் பாளையங்கோட்டைத் தமிழ் வந்தது எனக்கே திடுக்கென்றது. அவருக்குப் புரிந்ததோ என்னவோ, பலகையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். நாளை மழை என்று சொல்லியிருக்கிறார்கள். டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது.