கை பைக்குள்ளே, பிள்ளை வெளியே

கேமரா வேலை என்றால் படம் பிடிப்பது என்றுதான் நினைப்பீர்கள். முக்கால்வாசி நேரம் வெயிலுக்கும் மேகத்துக்கும் காவல் இருப்பதுதான் அந்த வேலை. மிச்சமுள்ள கால்வாசியில் பிள்ளை அழும். இடுப்பில் பிள்ளையோடு வேலைக்குப் போகிற உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்?

நான் சேத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சென்னையில் ஆறு வருஷம் உதவியாளாக, கேமராவை நிறுத்துகிற ட்ரைபாடைச் சுமந்தேன். எண்பதுகளின் கடைசியில்தான் ஒரு டாக்குமெண்டரி தனியாகக் கைக்கு வந்தது. ராஜபாளையம் வட்டாரத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற பெண்களைப் பற்றிய படம். மகள் செல்விக்கு அப்போது எட்டு மாசம். டைரக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: ஐந்து நாள் வேலையும் சுத்தமாக இருந்தால் அவருடைய அடுத்த சினிமாவுக்கு நான்தான் கேமரா, இல்லாவிட்டால் பழையபடி ட்ரைபாட்தான்.

பசிக்கு நேரம் தெரியாது

ஃபிலிம் மேல் துளி வெளிச்சம் பட்டாலும் போச்சு. அதனால் அதை மாற்ற ஒரு கறுப்புப் பை உண்டு, சட்டை மாதிரி இரண்டு கை வைத்துத் தைத்தது. ஃபிலிம் டப்பாவையும் அதை மாட்டுகிற கேமராப் பெட்டியையும் உள்ளே வைத்து, முழங்கை வரை கையை நுழைத்து, தடவித் தடவியே மாட்டவேண்டும். பாதியில் கையை எடுக்க முடியாது. முதல் நாள் தறிக்கொட்டகை வாசலில் நான் அந்தப் பாதியில் இருக்கும்போதுதான் செல்விக்குப் பசி வந்தது.

அங்கே விசைத்தறி ஓட்டுகிற மாரியக்கா எட்டிப் பார்த்து, "ஏட்டி, பிள்ளை இந்தக் கத்து கத்துது, கையை எடுத்துத் தூக்கேன்" என்றாள். "எடுத்தா அம்புட்டு ஃபிலிமும் போயிரும்க்கா" என்றேன்.  அவளே பிள்ளையைத் தூக்கிவந்து, என் சேலையை ஒதுக்கி, தன் முந்தானையால் மறைத்து, என் மாரோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பைக்குள் என் விரல்கள் ஃபிலிமைக் கோத்தன. வெளியே செல்வி குடித்தாள். அக்கா சொன்னாள்: "இவளுக்கு வேண்டியது ஒங் கையா? நீ ஒஞ்சோலியைப் பாரு, நா இவளைப் பாக்கேன்."

அசையாமல் நின்றவர்

மாரியக்காவின் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர். அவரையும் ஒரு ஷாட் எடுக்கப் போனோம். அடுப்பு ஆவி லென்ஸில் படிந்துகொண்டே இருந்தது. "செத்த அசையாம நில்லுங்கண்ணே, வெளிச்சம் அளந்துக்கிடுதேன்" என்றேன். நல்ல மனுஷர், துடுப்பும் கையுமாகச் சிலை மாதிரி நின்றுவிட்டார். நான் மீட்டரைப் பார்த்து, லென்ஸைத் துடைத்து, மறுபடி மீட்டரைப் பார்த்து நிமிர்ந்தபோது சட்டி அடிப்பிடித்திருந்தது.  அவரோ மெதுவாகக் கேட்டார்: "நெறம் நல்லா விழுந்திருக்கும்லா தங்கச்சி? கருகுன வாடை படத்துல வராதுல்லா?"

பட்டாளத்துக் கடிதம்

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். மகளைப் பிறந்த மாசம் பார்த்ததோடு சரி. நான்காம் நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் வழக்கம்போலத்தான், கடைசி வரியில் மட்டும் பேனாவை அழுத்தி எழுதியிருந்தார்: "ஊரையெல்லாம் படம் பிடிக்கிறாயே, எம்மக மூஞ்சிய ஒரு போட்டோ எடுத்து அனுப்ப உனக்கு நேரமில்லையாக்கும்?"

கடைசி ரோல்

ஐந்தாம் நாள் கையில் ஒரே ஒரு ரோல்தான் மிச்சம். மாரியக்கா தறி ஓட்டுவதை நீளமாக ஒரே ஷாட்டில் எடுக்கவேண்டும். அக்காவே ஷாட்டில் இருந்ததால் செல்வியை எனக்குப் பின்னால் பாயில் விட்டிருந்தேன். அதுவரை இருந்த இடத்தைவிட்டு நகராத பிள்ளை. கேமராவில் கண்ணை வைத்து, பூட்டைத் தளர்த்திய ட்ரைபாடில் அதை மெல்லத் திருப்பியபடி பாதி ஷாட் போயிருக்கும். படத்தின் ஓரத்தில் ஒரு நீலக் கவுன் தவழ்ந்து வந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளித் தறியின் பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. எப்படி ஓடினேன் என்றே தெரியாது. நான் பிள்ளையை வாரி எடுத்து, அக்கா தறியை நிறுத்தி, இரண்டு பேரும் அழுது முடித்துத் திரும்பிப் பார்த்தால், கேமரா தன்பாட்டுக்கு ஓடி ஃபிலிம் தீர்ந்திருந்தது.

சென்னைக்குப் போனதும் டைரக்டரிடம், "கடைசி ரோலைக் கெடுத்துட்டேன் சார், தப்பு என்னுதுதான்" என்று சொல்லிவிட்டேன். எடுத்ததையெல்லாம் ஃபிலிம் கழுவுகிற லேபில் போட்டுப் பார்த்தார். திரையில் பிள்ளை தவழ்ந்தது. பிறகு என் முதுகு, அவிழ்ந்த கொண்டை, பறக்கிற முந்தானை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதையே இரண்டு தடவை போடச் சொன்னார். விளக்கைப் போட்டதும் என் பக்கம் திரும்பினார். "நீ ஓடுறப்ப படம் ஒரு நூல்கூட ஆடலை, கவனிச்சியா? பிள்ளைக்கு ஓடுற அவசரத்துலயும் உன் கை ட்ரைபாடைப் பூட்டிட்டுத்தாம்மா போயிருக்கு. அடுத்த மாசம் ஷூட்டிங், பிள்ளையையும் தூக்கிட்டு வந்துரு."

இப்போது செல்வி ஒண்ணாம் வகுப்பு, எனக்கு மூணாவது சினிமா நடக்கிறது, பிள்ளை பெற்றவளால் கேமரா பிடிக்க முடியுமா என்று யாராவது கேட்டால், நன்றாக முடியும், சூடாக ஒரு காபி குடிப்பதுதான் இந்த ஜென்மத்தில் முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.